எல்லா மாடிகளும்

வியாழக்கிழமை கடைசி இரண்டு பீரியடும்
ஆளுமை வளர்ச்சிப் பயிற்சி.
பன்னிரண்டு வட்ட முகங்கள் அச்சடித்த தாள் கொடுத்தார்கள்.
இன்று நீ எந்த முகம், டிக் போடு.
ஒன்றில் போட்டேன்.
அழித்தேன்.
அழித்த தடம் தெரியாதிருக்க
தண்ணீர் பாட்டிலை மேலே வைத்தேன்.
பாட்டில் வியர்த்து இரண்டு முகங்கள் கரைந்தன.

கண்ணைப் பார்த்துப் பேச வேண்டுமாம்.
முதல் வாக்கியத்தைச் சத்தமாகத் தொடங்க வேண்டுமாம்.
மேடைக்கு யார் வருவது என்றதும்
வகுப்பே டெரிக்கைத் திரும்பிப் பார்த்தது.
அசெம்பிளியில் மைக் பிடிப்பவன்,
பஸ் டிரைவரைப் போல இருமிக் காட்டுபவன்.
பயிற்சி கொடுக்க வந்தவரையே சிரிக்க வைத்துவிட்டு
சான்றிதழோடு இறங்கினான்.

நான் பேச நினைப்பதெல்லாம்
‘ஆனா’ என்றுதான் தொடங்கும்.
அதற்குள் பேச்சு வேறெங்கோ போயிருக்கும்.
மிச்சத்தை விழுங்கிவிடுவேன்.
ஒன்பது வருஷமாய் விழுங்கியதில்
எனக்குள் ஒரு கிடங்கே இருக்கிறது,
ஷுவைக் பக்கம் இருக்குமே, அதுபோல,
ஏசி இல்லாமல்.

சால்மியாவில் எங்கள் கட்டடத்துக்குப் பதினோரு மாடி.
ஓடுவது ஒரு லிஃப்ட்.
மற்றது போன ரமலானிலிருந்து
பழுது, பழுது என்று மூன்று மொழியில் சொல்லிக்கொண்டு நிற்கிறது.
அன்று தூசிக்காற்று.
இரண்டரை மணிக்கே தெருவிளக்கு எரிந்தது.
பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடி
நானும் டெரிக்கும் உள்ளே நுழைந்தோம்.
நான் நாலு. அவன் பத்து.

கதவு மூடியதும்
பள்ளிப்பையை இறக்குவதுபோல
முகத்தைக் கழற்றினான்.
வேறெப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.
தோள் குலுங்கியது, சத்தமே இல்லை.
“அப்பாவுக்கு நோட்டீஸ் வந்திருச்சு”
என்றான், கதவிடம்.
“பரீட்சை முடிஞ்சதும் கிளம்பறோம்.
நான் அழுதது தெரிஞ்சா அம்மாவும் அழுவாங்க.”

அந்தத் தாளில் இந்த முகம் இல்லை.
லிஃப்டில் மூன்று பக்கமும் கண்ணாடி.
எங்கே திரும்பினாலும் அவன் கண்.
நான் ஷூ நாடாவைப் பார்த்தேன்.
அதில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்தேன்.
மேலே சிவப்பு எண் மூன்று என்றது.
பத்துக்கு இன்னும் அரை நிமிஷம்.
அரை நிமிஷத்தில் கண் சிவப்பு போகாது.
இதில் எனக்கு அனுபவம் உண்டு.

கையை நீட்டி
ஐந்து ஆறு ஏழு எட்டு ஒன்பது
எல்லாவற்றையும் அழுத்தினேன்.

நாலில் திறந்தது. நான் இறங்கவில்லை.
ஐந்தில் யாருமில்லை,
வெங்காயம் வதங்கும் வாசனை மட்டும் ஏறிக்கொண்டது.
ஆறில் ஒரு மூன்றுசக்கர சைக்கிள்.
ஏழில் எகிப்துக்காரம்மா குப்பைப்பையோடு நின்றார்.
உள்ளே ஒரு கால் வைத்தவர்
எதைப் பார்த்தாரோ, காலை எடுத்துக்கொண்டு
யல்லா, போங்க என்று கையசைத்தார்.
எட்டில் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டான்.
ஒன்பதில்
“உனக்கு உன் மாடி மறந்துபோச்சா?” என்று கேட்டுச்
சிரித்தான்.
மேடைச் சிரிப்பு இல்லை. குட்டியாக ஒன்று.
பத்தில் முகத்தை மாட்டிக்கொண்டு இறங்கினான்.
நன்றி சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் நான் எங்கே போய் ஒளிந்திருப்பேன்.

நாலை அழுத்துமுன்
யாரோ கூப்பிட்டு லிஃப்ட் தரைக்கே இறங்கிவிட்டது.
கதவு திறந்தால்
தோளில் தண்ணீர் கேனோடு வாட்ச்மேன் அபூ கரீம்,
அவர் பின்னால் வியர்த்துப்போய் ஆறு பேர்.
எல்லா மாடியிலும் நிற்க வைத்தது
“மீன்? மீன்?” என்று கத்தினார்.
அவர் பேச்சில் மீன் என்றால் யார்.

இந்த இடத்தில் நான் வழக்கமாகத் தலையைக் குனிவேன்.
அரபு வகுப்பில் முதல் நாள் படித்த சொல்
நாக்கடியில் கிடந்தது.
‘நான்’ என்று அர்த்தம்.
நம் முதல் எழுத்தைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதுபோல இருக்கும்.
கொஞ்சம் நீட்டினால் என் பழைய ‘ஆனா’ ஆகிவிடும்.

நீட்டவில்லை.
“அனா” என்றேன்,
அவர் கண்ணைப் பார்த்து.

கேனை இறக்காமலே வெகுநேரம் திட்டினார்.
நின்று கேட்டேன்.
பிறகு நாலு மாடியும் படியேறிப் போனேன்.